பதக்கம் அளக்காத ஒன்று

வீரனைப் போற்றுவது நம் மரபு. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு வணங்கிய இனம் நம்முடையது. ஆயினும் அஞ்சாமை ஒன்றே ஒருவனைப் போற்றப் போதுமா?

இரண்டாம் உலகப் போரில் ஹான்ஸ் உல்ரிக் ரூடெல் என்ற ஜெர்மானிய விமானி, பெரும்பாலும் ‘ஸ்டூகா’ குண்டுவீச்சு விமானத்தில், ஏறத்தாழ 2500 முறை போருக்குப் பறந்தான். 519 டாங்கிகளை அவன் அழித்ததாக ஜெர்மானியர் கணக்கு. 1945 பிப்ரவரியில் ஒரு காலை இழந்தும் மீண்டும் விமானம் ஏறினான். ஜெர்மனியின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவன் ஒருவனுக்கே கிடைத்தது. ஆனால் அவ்வீரம் யாருக்குப் பயன்பட்டது? அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஹிட்லரின் ஆட்சிக்கு! போருக்குப் பின்னும் ரூடெல் வருந்தினானில்லை. அர்ஜென்டினாவுக்குச் சென்றான், 1982இல் இறக்கும்வரை நாஜிக் கொள்கையை விட்டானில்லை.

நம் நாட்டிலும் ஒரு குண்டுவீச்சு விமானி இருந்தார். விங் கமாண்டர் பத்மநாப கௌதம் ‘கான்பெரா’ விமானம் ஓட்டியவர். 1965 போரில் மகாவீர் சக்கரம் பெற்றார். 1971 போரில் படைப்பிரிவின் தலைவராக மியான்வாலி விமானத் தளத்தைத் தாக்கி, அதே விருதை இரண்டாம் முறையும் பெற்றார். மறு ஆண்டே, போரில்லாத நாளில், விமான விபத்தில் மறைந்தார். ரூடெலை அறிந்தோர் உலகெங்கும் உண்டு. கௌதமை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இருவரும் அஞ்சாதவர்களே. எனின் வேறுபாடு எங்கே? விடை புறநானூற்றில் இருக்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டியன், அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்தான் என்று நெட்டிமையார் பாடுகிறார். மேலூரும் அப்பாண்டிய நாட்டு மண்ணே. எதிரியை வெல்லும் முன் எளியோரை எண்ணியதே அவன் பெருமை.

வானிலிருந்து விழும் குண்டு யாருக்கும் முன்னறிவிப்புச் சொல்வதில்லை. ஆகவே எதன் மீது அதை வீசுவது, எதற்காக வீசுவது என்ற பொறுப்பு முன்னிலும் பெரிதாகிறது. அப்பொறுப்பு விமானிக்கு மட்டுமன்று. அவனை அனுப்பும் அரசுக்கும், அவ்வரசைத் தேர்ந்தெடுக்கும் நமக்கும் உண்டு.

நண்பர்களே! வீரக் கதைகளைப் படியுங்கள். எத்தனை பதக்கம் என்று எண்ணுவதோடு நில்லாது, எதற்காகப் போரிட்டான் என்றும் கேளுங்கள். அறம் இல்லாத வீரம், கொடியவன் கையில் கொடுத்த கூரிய வாள்.