எண்ணைக் கேட்டால் ‘எதுக்கு?’ என்று கேளுங்கள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் சேரப்போகும் பெண், லாட்ஜில் அறை எடுக்க வந்த வியாபாரி, சிலிண்டரைத் தன் பெயருக்கு மாற்ற அலையும் அம்மா, எல்லோர் கையிலும் ஆதார்தான். “அண்ணே, ரெண்டு காப்பி.” கடை வாட்ஸ்அப்புக்கு ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பிரிண்ட் எடுத்ததும் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவேன். அழிக்காமல் வைத்திருந்தாலும் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள். ஆணையத்திடம் உரிமம் பெறாத தங்கும் விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்கக் கூடாது என்றது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. நகல் எடுத்துப் பிழைக்கிற நான் சொல்கிறேன்: அந்த அறிவிப்பில் ஒரு வரிகூடத் தவறில்லை. திரும்பப் பெற்றதுதான் தவறு.

கடைகளும் இப்போது அரசைப் போலவே கேட்கப் பழகிவிட்டன. துணிக்கடையில் பில் போடுமுன் போன் நம்பர். மருந்துக்கடையிலும் அதேதான். அங்கே என் எண்ணோடு சேர்ந்து பதிவாவது என் சர்க்கரை மாத்திரை. அந்தக் கணக்கு எத்தனை ஆண்டு இருக்கும், யார் யார் பார்ப்பார்கள் என்று எந்த பில்லிலும் எழுதியிருப்பதில்லை.

அரசிடம் இருந்தால் பத்திரம் என்பார்கள். 2021இல் தமிழக ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ஆதார் எண், குடும்ப விவரம், கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்தார்கள். எங்கள் ஊர் நாகல் நகர் பூட்டுப் பட்டறைகளில் அரம் பிடித்து ராவியே ரேகை தேய்ந்துபோனவர்கள், ரேஷன் கடைக் கருவியில் விரலைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அரிசிக்காக அவர்களிடம் இவ்வளவு கறாராகக் கேட்கிற அரசு, கசிவுக்கு அதே கறாரோடு பதில் சொல்ல வேண்டாமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் உரிமை நம் கைக்கு வர நாளாகிறது. லஞ்ச வழக்கு ஒன்றில் ஒரு நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க உள்துறை 2011இல் போட்ட உத்தரவை, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில்தான் ரத்து செய்தார். வழக்கு நடத்த வசதியுள்ளவருக்கே 14 ஆண்டு. என் கடைக்கு வரும் நூற்பாலைப் பெண் எங்கே போவார்?

2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதியை மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு மத்திய அரசே விலக்கு அளிக்க 17ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. கடைக்காரனுக்குக் கடிவாளம், அரசுக்குத் திறந்த வாசல் என்பது நியாயமில்லை.

பில் போடும் இடத்தில் நம்பர் கேட்டால் “எதுக்கு?” என்று கேளுங்கள், நம்பர் இல்லாமலும் பில் வரும். எண் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். முழு நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், எதற்காக, என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த 17ஆவது பிரிவைப் பற்றியும் கேளுங்கள்.