அந்தரங்கம் யாருக்கு?

ஹோஷங் மெர்ச்சன்ட் என்று ஒரு கவிஞர். 1947-ல் பம்பாயில் ஒரு பார்சி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதுபவர். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அனயிஸ் நின் எழுத்துக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். ஈரானிலும் ஜெருசலேமிலும் வசித்துவிட்டு இந்தியா திரும்பி, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால், ‘பெரிய படிப்பாளி போல’ என்று மரியாதையாகத் தலையாட்டியிருப்பீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தன்பாலின ஈர்ப்பாளர். ‘கே’. அதை மறைக்காமல் சொன்னவர். சொன்னதோடு விடாமல் அதைப் பற்றியே எழுதியவர்.

உடனே ஒரு குரல் கேட்குமே! “இருந்துட்டுப் போகட்டும் சார். அது அவரோட சொந்த விஷயம். அதைக் கவிதையில எழுதி நம்மகிட்ட எதுக்குச் சொல்லணும்?”

இப்படிக் கேட்பவர் கெட்டவர் இல்லை. ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார். என் சண்டை அந்தப் பெருந்தன்மையோடுதான்.

ஒரு ஆண் கவிஞர் தன் காதலியின் கண்களைப் பற்றி நாற்பது கவிதை எழுதுகிறார். ‘சொந்த விஷயம்’ என்று யாராவது புத்தகத்தை மூடி வைக்கிறோமா? விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, தெருமுனையில் ஆளுயர பேனரும் வைக்கிறோம். இதில் எது அந்தரங்கம்? ஆணும் பெண்ணும் காதலித்தால் இலக்கியம். ஆணும் ஆணும் காதலித்தால் மட்டும் ‘சொந்த விஷயம்’. அதாவது, ‘நீ இருந்துக்கோ, ஆனா எங்க கண்ணுல படாதே’ என்று அர்த்தம்.

சரி, சொந்த விஷயம் என்று அவர்களைச் சும்மாவாவது விட்டோமா? 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, அவர்கள் படுக்கையறைக்குள் போலீஸை அனுப்ப வழி வைத்திருந்தது. ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. அரசாங்கம் கதவைத் தட்டும்போது அது பொது விஷயம். அவர் கவிதை எழுதினால் மட்டும் சொந்த விஷயமா? என்ன நியாயம் இது?

அந்தச் சட்டம் முழு பலத்தோடு இருந்த 1999-ல்தான் மெர்ச்சன்ட் ‘யாரானா’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பென்குயின் போட்டது. இந்திய எழுத்தில் ஆண்–ஆண் காதலைத் தேடிச் சேர்த்த புத்தகம். ‘யாரானா’ என்றால் நட்பு. 1981-ல் அமிதாப் பச்சன் நடித்த இந்திப் படத்துக்கும் அதே பெயர்தான். ஊரே விசிலடித்துக் கொண்டாடிய அந்த வார்த்தையையே எடுத்துத் தன் புத்தகத்துக்குப் பெயராக வைத்தார். குறும்புதான்!

கவிதை எழுதியதைவிட இந்தத் தொகுப்பு வேலை பெரிது என்பது என் கட்சி. தனியாக ஒருவர் எழுதினால், ‘அமெரிக்காவுல படிச்சுக் கெட்டுப்போயிட்டான்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். விக்ரம் சேத், நாடகாசிரியர் மகேஷ் தத்தானி, ஓவியர் பூபேன் கக்கர், ஆர்.ராஜ் ராவ் என்று வரிசையாகக் கொண்டுவந்து ஒரே அட்டைக்குள் உட்கார வைத்தால்? எத்தனை பேரை அமெரிக்கா கெடுத்திருக்கும்?

அதே 1999-ல் அஸ்வினி சுக்தாங்கர் தொகுத்த ‘ஃபேஸிங் த மிரர்’ வந்தது. பெண்களை நேசித்த பெண்களின் எழுத்து. அதில் பலரால் சொந்தப் பெயரைக்கூடப் போட முடியவில்லை. ‘சொந்த விஷயம்’ என்று நாம் மரியாதையாகச் சொல்வதற்கு அவர்கள் அகராதியில் வேறு பெயர்: பயம்.

“அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே, இன்னும் என்ன?” என்பது அடுத்த கேள்வி. கோர்ட் என்ன சொன்னது என்று வரிசையாகப் பாருங்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, மறுபடி குற்றம். 2018-ல் அதே உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்ந்தால் குற்றமில்லை என்றது. 2023-ல், ஒருபால் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர்கள் அப்படியேதான் இருந்தார்கள். குற்றவாளி, குற்றவாளி இல்லை என்று பலகையை மட்டும் மாற்றி மாற்றி மாட்டினார்கள். தீர்ப்பு மாறினாலும் அலமாரியில் இருந்த ‘யாரானா’வில் ஒரு எழுத்து மாறவில்லை. புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மெர்ச்சன்ட் எழுதியதெல்லாம் அற்புதம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்கத்தாவில் பி.லால் நடத்திய ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப், கைத்தறிப் புடவைத் துணியில் அட்டை போட்டு, அவருடைய தொகுப்புகளை வரிசையாக வெளியிட்டது. அவ்வளவு எழுதினால் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். படித்துவிட்டு, நன்றாக இல்லை என்றால் தாராளமாகக் கிழியுங்கள். ‘கே’ என்பதற்காகக் கை தட்டவும் வேண்டாம், காதைப் பொத்திக்கொள்ளவும் வேண்டாம். கவிஞனுக்குக் கொடுக்கும் மரியாதை அதுதான்.

பதினேழு வயதில், உலகத்தில் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துச் சாகத் துணியும் பையன் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறான். உங்கள் ‘சொந்த விஷயம்’ அவனுக்கு உதவாது. அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, அதை எழுதியவர் பேராசிரியராக வேலை பார்த்து, ரிட்டயர்டும் ஆனார் என்ற தகவல் உதவலாம்.

அடுத்த முறை வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் உங்கள் கல்யாண ஆல்பத்தை நீட்டும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். அது யாருடைய சொந்த விஷயம்?