பாட்டு யாருடையது என்று ரசிகர்கள் கேட்கட்டும்

2025 ஜனவரியில் இங்கிலாந்தின் கோல்ட்பிளே இசைக்குழு நவி மும்பையிலும் அகமதாபாத்திலும் கச்சேரி நடத்தியது. விற்பனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே நுழைவுச்சீட்டுகள் தீர்ந்தன. கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை சொன்னார்கள். 'நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மாவட்டத்துக் கல்லூரிப் பேருந்துகளில் ஏறிப் பாருங்கள். எந்த ராக் குழு பெரியது, மூலப்பாட்டு நன்றாக இருக்கிறதா, வேறொருவர் பாடிய 'கவர்' நன்றாக இருக்கிறதா என்று மாணவர்கள் இறங்கும் இடம் வரும்வரை வாதாடுகிறார்கள். அவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நாம் இதைக் குறை சொல்லவில்லை. எந்த இசையையும் கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால், ராக் இசையை நேசிக்கிறவர்கள் அது பிறந்த வீட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வீடு நம் சேரிக்கு வெகு தூரத்தில் இல்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டிலும் தேவாலயப் பாட்டிலும் கிளைத்ததுதான் ராக் இசை. பருத்திக்காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை உருவாக்கினார்கள். 1950களில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கறுப்பினப் பாடகர் ஒரு பாட்டை வெளியிடுவார். சில வாரங்களில் அதே பாட்டை வெள்ளையர் ஒருவர் பாடி வெளியிடுவார். பெரிய வானொலிகள் இரண்டாவதையே அதிகம் ஒலிபரப்பும். லிட்டில் ரிச்சர்ட் 1955இல் பாடிய 'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டை மறு ஆண்டு பேட் பூன் பாடினார். பொதுவான விற்பனைப் பட்டியலில் மூலப் பாடகரை முந்தியது கவர்தான்.

பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண் 1952இல் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவு செய்தார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். உலகம் அதை எல்விஸ் பாட்டாகவே நினைவில் வைத்திருக்கிறது. தார்ன்டன் 1984இல் வறுமையில் இறந்தார். ராக் இசைக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர 2024 வரை ஆனது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கவர் பாடுவதெல்லாம் திருட்டு அல்ல. 'ஹவுண்ட் டாக்' பாட்டை எழுதியவர்களே இரண்டு வெள்ளை இளைஞர்கள்தான். பாட்டு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவது இயல்பு. நம் தாலாட்டும் ஒப்பாரியும் அப்படித்தான் வாழ்கின்றன. பாட்டு பயணப்படும்போது அதைச் சுமந்து வந்தவரின் பெயரும் கூலியும் வழியில் விழுந்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல். யாருடைய பெயர் விழுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் கீழே நிறுத்தப்பட்டவருடையதாகவே இருக்கிறது.

லெட் செப்ளின் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் தன் வரிகள் இருப்பதாகச் சிகாகோவின் ப்ளூஸ் கவிஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. இன்று அந்தப் பாட்டின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வேறு விதமாக நடந்துகொண்டது. டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடிய ஒரு பாட்டை 1964இல் கவர் செய்து இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவர்களை அழைத்தபோது, ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவரும் வந்து பாடினார். பீட்டில்ஸ் குழு 1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், கறுப்பர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தால் பாட மாட்டோம் என்று உறுதியாகச் சொன்னது. பிரிக்காமலேயே கச்சேரி நடந்தது. புகழ் உள்ளவர் மனம் வைத்தால் மேடையின் விதியை மாற்ற முடியும் என்பதற்கு இவை சாட்சி.

தமிழகத்துக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு அது. பறையும் சட்டியும் ஒருபுறம், கித்தாரும் டிரம்ஸும் மறுபுறம். பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. ராக் இசை அங்கே கடன் வாங்கிய சட்டையாக இல்லை. கானாவின் உறவுக்காரனாகவே வந்து நின்றது.

அக்குழுவில் பாடிய அறிவு எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பாடகி தீயும் இன்னொரு கலைஞரும் இடம்பெற்றார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தது. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வேறு வேறு விளக்கங்கள் தந்தார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால், 'எழுதியவர் எங்கே?' என்ற கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோரும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. படைப்பை விற்ற பிறகும் அது போகாது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்துகிற கலைஞரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. 31சி பிரிவின்படி, மூலப்பாட்டு பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாமல், உரிமையாளரின் அனுமதியின்றிக் கவர் வெளியிட முடியாது. அதன் பிறகும் முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகை கட்ட வேண்டும். ஊரில் பாடுகிற, அடிக்கிற நம் பிள்ளைகள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்ல ஒரு காரணம் உண்டு. நகரத்து மேடையில் பறை ஒலித்தால் கைதட்டல். அதே பறையை ஊர்த்தெருச் சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று நம் இளைஞன் சொன்னால், சில ஊர்களில் இன்றும் மிரட்டல் வருகிறது. சாதியின் பெயரால் ஒருவரைக் கட்டாய வேலைக்கு இழுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரும்பி அடித்தால்தான் பறை கலை; கட்டாயப்படுத்தினால் அது அடிமை வேலை. அந்த மறுப்புக்குத் துணை நிற்காமல் தாளத்தை மட்டும் ரசிப்பது பாதி ரசனைதான்.

மின் கித்தாரை ஏந்தி ராக் இசைக்கு முன்னோடியாக நின்ற சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய கல்லறையில் நெடுங்காலம் பெயர்க்கல்கூட இல்லை. 2008இல் ஒரு கச்சேரி நடத்தி, பணம் திரட்டி, அவருக்குக் கல் நட்டார்கள்.

நம் ஊரிலும் பெயர் எழுதப்படாத ஒப்பாரிக்காரிகளும் பறையடித்தவர்களும் இருக்கிறார்கள். மாணவர்களே, அடுத்த முறை ஒரு கவர் பாட்டைப் பகிரும்போது மூலப் பாடகரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் பாட்டைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். அவருடைய சம்மதத்தைக் கேட்டு, அவர் பெயரோடு பதிவு செய்யுங்கள்.