ஐபேடுக்கு வேர்க்குது சாமி!

அமெரிக்காவுல குட்டி விமானம் ஓட்டுற பல பேரு காகித வரைபடத்தை மூட்டை கட்டிட்டு ஐபேடை நம்பித்தான் பறக்கிறாங்க. ஆனா ஆப்பிள்காரனே எழுதி வச்சிருக்கான், 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான்னு. கோடையில ஃபீனிக்ஸ்ல நிழல்லயே 40ஐத் தாண்டும். ஏசி இல்லாத செஸ்னாவோட முன்கண்ணாடியில அதை ஒட்டி, வெயில்ல காயப்போட்டு, கூடவே சார்ஜும் போட்டா? சார்ஜ் ஏறுறதே சூடுதானய்யா! திரை மங்கும், சார்ஜ் நிக்கும், கடைசியில மேப் இருந்த இடத்துல எச்சரிக்கைப் படம். நடுவானத்துல!

ஃபேன் வச்ச உறை வாங்குன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. உள்ள இருக்கிற காத்தே 40ல கொதிக்கும்போது அது எதை வீசுமாம்? அதுக்கும் கரண்ட் வேற வேணும். சாதா சர்வருக்கே நாங்க ரெண்டு பேக்கப் வைக்கிறோம். தரையிலேயே முழுசா சார்ஜ் ஏத்திட்டு, கண்ணாடியை விட்டுத் தள்ளி நிழல்ல மாட்டுங்க. பையில ஒரு காகித மேப்பும் போடுங்க சாமிகளா, ஒண்ணும் கனக்காது.