அக்ரிலிக் பலகையும் நம் அவசரமும்



துவரம் பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அது என்ன ரகம், ஈரம் உண்டா, பழைய இருப்பா என்று நாம் சொல்லிவிடுவோம். வற்றல் மிளகாயைக் குலுக்கிப் பார்த்தே காய்ச்சல் எப்படி என்று சொல்லும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. ஆனால் அந்தச் சரக்கைப் போட்டு வைக்கும் பெட்டி எதனால் ஆனது என்று கேட்டால், "ஏதோ பிளாஸ்டிக்" என்கிறோம். இந்த அலட்சியத்தால் நான் பட்ட பாட்டை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மளிகைக்கு விலக்கு இருந்தது. நாம் கடை திறந்தோம். தளர்வு வந்து பட்டறைகளும் திறந்ததும், கல்லாவுக்கு முன்னால் தடுப்பு வைக்க எல்லோரும் ஓடினோம். நானும் ஓடினேன். பட்டறைத் தம்பி, "5 மில்லி கனம் போடுங்க அண்ணாச்சி, ரெண்டு நாள் டயம் கொடுங்க" என்றார். நான் 3 மில்லி போதும், நாளைக் காலையில் வேண்டும் என்றேன். சொன்ன விலையில் கால் பங்கையும் குறைத்தேன். பேரம் பேசி ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

தடுப்பு மறுநாளே வந்தது. கடைப் பையன் தினமும் மூன்று வேளை சானிடைசர் அடித்துத் துடைத்தான். சில நாளில் திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழைபோல் விரிசல்கள் தெரிந்தன. கீறல்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் பையன் துடைக்கும்போது ஒரு மூலை அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. அவன் உள்ளங்கை கிழிந்தது. சில்லுகள் கீழே இருந்த கற்கண்டுத் தட்டில் விழுந்தன.

பையனுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டுத் தட்டைப் பார்த்தேன். எது கற்கண்டு, எது சில்லு என்று தெரியவில்லை. தட்டோடு கொட்டினேன். நஷ்டம் பெரிதல்ல. ஆனால் அது இரவில் யாரும் இல்லாத நேரத்தில் உடைந்திருந்தால்? காலையில் அந்தக் கற்கண்டை நான் நூறு கிராம் பொட்டலம் கட்டி, ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையின் வாய்க்கு அனுப்பியிருப்பேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

பட்டறைத் தம்பியைப் போனில் கண்டபடி பேசினேன். மறுநாள் உடைந்த துண்டுகளோடு நேரிலேயே போனேன். அவர் பதிலுக்குப் பேசவில்லை. உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அக்ரிலிக் என்பது 1930-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கூண்டாக இருந்தது. கண்ணாடியில் பாதி எடைதான். அதிலும் அச்சில் வார்த்த பலகை ஒரு வகை, இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த பலகை இன்னொரு வகை. வார்த்தது விலை கூடுதல். ஆனால் அறுக்கவும் துளைக்கவும் அதுதான் ஏற்றது. மற்றது சூடு பட்டால் இளகி ரம்பத்தில் ஒட்டும்.

துளை போடுவதில்தான் சூட்சுமம். இரும்புக்குப் போடும் டிரில் பிட்டை அப்படியே போட்டால் அது பலகையைக் கவ்வி இழுத்து விளிம்பைப் பிளக்கும். பிட்டின் கூரைச் சற்று மழுக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, நிதானமாக இறக்க வேண்டும். துளை திருகாணியைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் பலகை 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லி நீளும். நீள இடம் இல்லாமல் முறுக்கிவிட்டால் அது எங்கே போகும்?

லேசரில் வெட்டிய ஓரம் மெருகு போட்டதுபோல் மின்னும். ஆனால் அந்தச் சூட்டினால் ஓரத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. 80 டிகிரி அளவில் அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால்தான் அது தளரும். அப்படித் தளராத ஓரத்திலும் துளையிலும் சானிடைசரின் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும்.

"இதுக்குத்தான் அண்ணாச்சி ரெண்டு நாள் கேட்டேன்" என்றார். பிறகு, "சானிடைசர் போடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றும் சொன்னார். என் தப்பை நான் அதுவரை சொல்லவில்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நான் அவசரப்பட்டதோடு நிற்காமல், அவர் கையையும் கட்டிப் போட்டிருந்தேன்.

"காசு கொடுக்கிறோம், நல்லதாகத் தருவது அவன் பொறுப்பு, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கிப் போனவர் மறுநாள் வந்து பருப்பு வேகவில்லை என்றால் நாம் என்ன சொல்கிறோம்? கொடுத்த காசுக்கு ஏற்ற சரக்கு என்கிறோம். அந்த நியாயம் பட்டறைக்காரருக்கும் உண்டல்லவா?

இனி பெட்டியோ தடுப்போ செய்யக் கொடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. பில்லில் அக்ரிலிக் என்றும், வார்த்ததா என்றும், கனம் எத்தனை மில்லி என்றும் எழுதி வாங்குங்கள். பாலிஸ்டைரின் பலகையும் பார்வைக்கு இப்படியே இருக்கும், எளிதில் நொறுங்கும்.

2. துளை பெரிதாக இருக்கட்டும். திருகாணிக்கு ரப்பர் வாஷர் கொடுத்து, அளவாக முறுக்கச் சொல்லுங்கள்.

3. உள்மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

4. ஒட்டுவதற்குக் குளோரோஃபாரம் போன்ற திரவம் பயன்படுத்துவார்கள். வாடை அறவே போகும்வரை பெட்டியைத் திறந்து வைத்த பிறகே தேயிலையோ சீனியோ போடுங்கள்.

5. சோப்புத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி போதும். சானிடைசர், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது.

6. இது எரியும் பொருள். சாமி படத்து விளக்கின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

7. விரிசல் கண்டால் அன்றே சரக்கை விட்டு அப்புறப்படுத்துங்கள். செல்லோ டேப் ஒட்டி ஓட்டாதீர்கள்.

நான் குறைத்த கால் பங்கை அவரிடம் கொடுத்துவிட்டு, 5 மில்லியில் புதிதாகச் செய்யச் சொன்னேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்தத் தடுப்பு இன்றும் என் கல்லாவில் ஒரு கீறல் விரிசல் இல்லாமல் நிற்கிறது. பையன் கையில் தழும்பும் நிற்கிறது.

நம் சங்க மாதக் கூட்டத்துக்கு ஒரு பட்டறைக்காரரை அழைத்து, அரை மணி நேரம் துண்டுகளை வைத்துக் காட்டச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும். நிர்வாகிகள் யோசிக்க வேண்டுகிறேன். அவருக்கான போக்குவரத்துச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

- ஒரு பருப்பு மொத்த வியாபாரி