ஊரின்ட சாவி ஒருத்தரிட்ட

நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை எண்டு தேடினால் ஒரு காலத்தில் ஊர் இணையத்தளங்கள் வரிசையாய் வரும். கோயில் திருவிழாப் படங்கள், பாடசாலை மலர்கள், மரண அறிவித்தல்கள், இப்ப இல்லாத வீடுகளின் படங்கள். அந்தப் பழைய முகவரிகளில் நாலைந்தை இண்டைக்குத் தட்டிப் பாருங்கோ. ஒண்டில் 'இந்த முகவரி விற்பனைக்கு' எண்டு கிடக்கும். இன்னொண்டில் வெறும் வெள்ளைப் பக்கம்.

காசில்லாமல் இப்பிடி நடக்கேல்லை. மண்டபமும் மதிலும் கட்டுற சங்கங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா சேர்வர் கட்டணம் கட்டுறது பெரிய சுமையில்லை. சேர்வருக்குள் போகத் தெரிந்தவர் ஒருத்தர்தான் இருந்தார் எண்டதுதான் பிரச்சினை. அவருக்கு வேலை மாறும், சங்கத்தோட மனத்தாங்கல் வரும், வருத்தம் வரும், ஒருநாள் செத்தும் போவார். பாஸ்வேர்ட்டும் அவரோட போயிடும்.

தீவுப்பகுதிக்கு இது சின்ன விசயமில்லை. 1990களின் தொடக்கத்தில் இங்கிருந்து சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. அல்பங்களும் உறுதிகளும் வீட்டோட போயின. பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த கொஞ்சப் படங்கள்தான் பிறகு ஸ்கான் செய்யப்பட்டு இந்தத் தளங்களில் ஏறின. மூலப்படம் வைத்திருந்த பெரியம்மாவும் போய்விட்டால், சேர்வரில் கிடக்கிறது மட்டுந்தான் மிச்சப் பிரதி. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் எண்டு யாழ்ப்பாணத்தாருக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன.

எங்கட தீவிலயே இதுக்கு மாறான ஒரு முன்மாதிரி இருக்கு. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர்களைப் பற்றியது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் எண்டால் பாதிக்குப் பாதி. இந்த விதியைக் கல்லிலும் செம்பிலும் வெட்டச் செய்ததாக அந்தக் கல்வெட்டே சொல்கிறது. எங்களுக்கு வாசிக்கக் கிடைத்தது கல். இரண்டாவது பிரதியின் பயன் அதுதான்.

சரி, சேர்வருக்குள் போறது அவ்வளவு கஷ்டமா? இல்லை. ஆனால் எங்கட வயதுக்காரர் பலருக்கு அந்தக் கதவு கண்ணில் பட்டதே இல்லை. கோப்புகளைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பும் எப்.ரி.பி. முறையின் முதல் வரைவை 1971இல் எழுதியவர் அபய் பூஷண், ஐ.ஐ.ரி. கான்பூரில் படித்து எம்.ஐ.ரி.க்குப் போனவர். இணையம் எண்ட பெயர் பரவ முன்னமே வந்த முறை அது. 2021இல் குரோமும் பயர்பொக்ஸும் அதைத் தூக்கிவிட்டன. அதுக்குக் காரணமும் இருக்கு: பழைய எப்.ரி.பி.யில் பாஸ்வேர்ட் மூடாத தபாலட்டை மாதிரித்தான் போகும், வழியில் நிற்கிற எவரும் வாசிக்கலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்ட்டுகள் இப்பிடித் திருடப்பட்ட பிறகுதான் தாத்து இலோனென் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். அதன் மேல் ஓடுற எஸ்.எப்.ரி.பி.யைத்தான் இப்ப பாவிக்க வேணும்.

பைல்சில்லா மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும். சேர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட், போர்ட் 22. முதல்முறை இணையும்போது சேர்வரின் அடையாளக் குறி சரியா எண்டு கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'ஓம்' அமத்தாமல், சேர்வர் தாற நிறுவனம் தந்த குறியோட ஒப்பிடுங்கோ. உள்ளே போனால் இடப்பக்கம் உங்கட கணினி, வலப்பக்கம் சேர்வர். வலமிருந்து இடத்துக்கு இழுத்தால் பிரதி வரும். சிக்னல் இடையில் விழுந்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு விசயம் கவனம். தளம் வேர்ட்பிரஸில் இருந்தால் படங்கள்தான் போல்டரில் கிடக்கும். கட்டுரைகள் டேற்றாபேஸில் இருக்கும், அதையும் தனியாக இறக்க வேணும். பழைய தளம் எண்டால் எழுத்து பாமினியில் இருக்கலாம். அந்த எழுத்துருவையும் சேர்த்து வைக்காவிட்டால், பிறகு திறக்கிறவருக்கு ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

'எல்லாம் பேஸ்புக்கில கிடக்குத்தானே' எண்டு சிலர் சொல்லுவினம். 2009இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடினபோது லட்சக்கணக்கான வீட்டுப் பக்கங்கள் போயின, தன்னார்வலர்கள் இரவு பகலாய் இறக்கினதால் ஒரு பகுதி தப்பினது. வாடகை வீட்டின் சுவரில் ஊர்ப்படம் மாட்டலாம், ஆனால் வீட்டுக்காரர் எழும்பு எண்டால் எழும்பத்தான் வேணும்.

இன்னொரு மறுப்பில் நியாயம் இருக்கு: 'சாவியைப் பத்துப் பேருக்குக் குடுத்தால் ஆரோ ஒருத்தர் அழிச்சுப் போடுவார்.' உண்மைதான். அதனால்தான் ஒரே பாஸ்வேர்ட்டைப் பகிரச் சொல்லேல்லை. ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம், சிலருக்கு வாசிக்க மட்டும் அனுமதி குடுக்கலாம். காணி உறுதி, காணாமல்போனோர் விபரம் போன்றவை பொதுவெளிக்குப் போகக் கூடாது, பிரதி எடுக்கிறதும் வெளியிடுறதும் வேற வேற. இந்தப் பயத்தால் எல்லாத்தையும் ஒருத்தரின் தலைக்குள் பூட்டி வைக்கிறதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

ஒவ்வொரு ஊர்ச்சங்கமும் பழைய மாணவர் சங்கமும் மூன்று பேரிட்டயாவது சாவி குடுக்க வேணும்: ஒருத்தர் தீவில், ஒருத்தர் வெளிநாட்டில், ஒருத்தர் முப்பது வயதுக்குக் கீழ். முழுத் தளத்தின் பிரதி ஒரு ஹார்ட் டிஸ்கில் ஊர்ப் பாடசாலையில் இருக்கட்டும், இன்னொண்டு கடலுக்கு அந்தப் பக்கம். வெளியிடக்கூடிய மலர்களையும் நூல்களையும், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்திடமும் குடுக்கலாம். சங்கக் கூட்டங்களில் பெடியளும் பெட்டையளும் கதிரை அடுக்க மட்டும்தான் கூப்பிடப்படுகினம். அடுத்த கூட்டத்தில் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேளுங்கோ: 'எங்கட ஊர்த் தளத்தின் பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு?' அண்ணை ஒருத்தரின் பெயரை மட்டும் சொல்லிச்சினம் எண்டால், அந்த அண்ணைக்கு அண்டைக்கே கோல் எடுங்கோ.