முன்பாரம், பின்பாரம்

தொப்பம்பட்டிப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் தள்ளினால் நுகத்தடி மேலே தூக்கும். இதையே இஞ்சினியரிங் காலேஜில் நாலு வருஷம் நடத்தி ஃபீஸும் வாங்கிக்கொள்கிறார்கள்!

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களுக்கு வேண்டியதும் இந்த ஞானம்தான். கோயமுத்தூரில் எஸ்.கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். 1980-களின் கடைசியில் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை ஸீட் ரேஸ் கார் கட்டினார். பெயர், ஃபார்முலா மாருதி. கம்பெனி காரில் முன்னால் இருந்த இஞ்சின், இதில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நரேன் கார்த்திகேயன் ரேஸில் பிள்ளையார் சுழி போட்டது இந்த வண்டியில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

சரி, இஞ்சின் இடம் மாறினால் பிரேக்குக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அங்கேதான் ஸார் விஷயமே!

நான் படித்தது பி.காம். அந்த பாஷையிலேயே சொல்கிறேன். பிரேக் போட்டதும் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மொத்தமும் டிரைவர் பக்கம் சாய்கிறோம் இல்லையா? அதேபோல வண்டியின் பாரமும் முன்னால் ஓடும். வாங்குகிற முன் சக்கரம் டெபிட், கொடுக்கிற பின் சக்கரம் கிரெடிட். மொத்தம் மாறாது.

ஒரு கணக்கு. 600 கிலோ கார். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.4 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில். நன்றாக அழுத்தி பிரேக் பிடித்தால் சுமார் 60 கிலோ முன்னால் போகும். இஞ்சின் முன்னால் இருந்து, முன்பாரம் 360, பின்பாரம் 240 என்றால், அது 420, 180 ஆகும். இஞ்சின் பின்னால் இருந்து 240, 360 என்றால், 300, 300! முதல் காரின் பிரேக்கை அப்படியே இரண்டாவதில் மாட்டினால் முன் சக்கரம் சீக்கிரமே லாக் ஆகும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் இன்னும் மோசம். வால் தலையை முந்தப் பார்க்கும், வண்டி பம்பரம்தான்.

அதனால் விதி இதுதான்: முன் சக்கரம் ஒரு மயிரிழை முந்தி லாக் ஆக வேண்டும்.

ரேஸ் காரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர். நடுவில் பேலன்ஸ் பார் என்றொரு தண்டு. தராசு மாதிரி. பெடல் தள்ளுகிற இடத்தை முன் சிலிண்டர் பக்கம் நகர்த்தினால் முன் பிரேக்குக்கு பலம் கூடும். முதலில் காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். ஒருத்தர் பெடலை மெதுவாக அழுத்த, இன்னொருத்தர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். முன் சக்கரம்தான் முதலில் இறுக வேண்டும். அப்புறம் ஆளில்லாத மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்ப்பது. மழை ஈரத்தில் பிடிமானம் குறைவு. முன்னால் ஓடும் பாரமும் குறைவு. அப்போது பின் பிரேக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். இதையெல்லாம் ரோட்டில் முயற்சி செய்யாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொல்லியாயிற்று.

‘எனக்கேது ரேஸ் கார், டூவீலர்தானே’ என்கிற ஆபீஸ் நண்பரே, கணக்கு உமக்கும் அதேதான். ‘முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவே’ என்று யாரோ சொன்னதை நம்பி, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர்! பாரமெல்லாம் முன்னால் ஓடிவிட்ட பிறகு காலியான பின் சக்கரம் வழுக்காமல் என்ன செய்யும்? 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஒன்றை அழுத்தினால் இரண்டும் பிடிக்கிற பிரேக்கை 2019 ஏப்ரலில் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வெறிச்சோடிய ரோட்டில், மெதுவாகப் போய், இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், படிப்படியாக.

லாரிக்குப் பின்னால் போகும்போது பழகிக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.